அச்சு மாறிய குரல்கள்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஃபேனுக்கு நேராக இருக்கிற இடம் உங்களுக்குத்தான். இன்றைக்கு உங்களுக்கென்று ஒரு கதை எடுத்து வைத்திருக்கிறேன். இது இன்னும் நடக்காத கதை. ஆனால் நடந்து முடிந்த மாதிரி சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். நீங்களும் நடந்ததாகவே வைத்துக்கொண்டு கேளுங்கள்.

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டின் மேல் ‘அம்மையப்பன் போர்வெல்ஸ்’ என்று ஓர் ஆபீஸ். பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிற ரிக் லாரிகள் அங்கிருந்து கிளம்பினால் சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான் என்று போய்விடும். மாதக்கணக்கில் திரும்பாது. லாரியோடு போன ஆண்கள் காட்டிலும் பொட்டலிலும் கிடப்பார்கள். சந்தைக்கு அரிசி பருப்பு வாங்க இறங்கி வருகிற அன்றைக்குத்தான் சிக்னல். யாருடைய போனையாவது இரவல் வாங்கி ஆபீசுக்கு ஒரு தடவை பேசுவார்கள். அந்த மூச்சிலேயே வீட்டுக்கான சேதியையும் சொல்லி முடித்துவிடுவார்கள்.

அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ள ஆபீசில் ஒரு குரல் பெட்டி. எவன் போனிலிருந்து பேசினாலும், குரலை வைத்தே இது காளியண்ணன், இது அர்த்தநாரி என்று கண்டுகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுப் பெண்கள் வந்து, அவரவர் ஆள் பேசியதைக் கேட்டுவிட்டுப் போவார்கள். சிரித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

ஆபீசைக் கட்டி ஆண்டவள் பூங்கோதை. நல்லவள்தான், ஆனால் கறார். பேச ஆரம்பித்ததும் எத்தனை அடி துளைத்தாயிற்று, எத்தனை இஞ்சு தண்ணீர் என்று சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் “நல்லா இருக்கீங்களா அக்கா” என்று இழுத்தால் போனை வைத்துவிடுவாள். அவளுக்குப் பயந்து பயந்து, பெட்டி வந்த பிறகும் அந்தப் பழக்கம் ஆண்களை விடவில்லை. தனக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்கப் பேசியவன்கூட, “முந்நூத்தம்பது அடிங்க, தண்ணி இல்லீங்க, பொகைதானுங்க வருது, எனக்குப் புள்ள பொறந்திருச்சுங்களா” என்றுதான் கேட்டான்.

முதலாளி நாச்சிமுத்து. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி ருக்குமணியம்மா, அக்கா வீட்டு விசேஷம் என்று பெருந்துறைக்குப் போனவர் இன்னும் வரவில்லை. ஒரு மாதமாக முதலாளிக்கு ஹோட்டல் பார்சல்தான். பார்சலைப் பிரிக்கும்போதெல்லாம் அவர் கொஞ்சம் கோபமாக இருப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை பக்கத்து டிரான்ஸ்பார்மரில் இடி விழுந்தது. கரண்டு எகிறி, ட்யூப்லைட் பொட்டென்று போயிற்று. எதிர் டீக்கடை ஃபிரிட்ஜிலிருந்து புகை வந்தது. குரல் பெட்டி அணைந்து, கொஞ்ச நேரத்தில் தானாகவே பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டது. பூங்கோதை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தப்பித்ததா என்று பார்க்க ஒரு சேதியை ஓடவிட்டாள். முதலாளியும் பக்கத்தில் நின்றிருந்தார்.

அர்த்தநாரியின் குரல் வந்தது. சத்தீஸ்கர் வண்டியை நடத்துகிற டிரில்லர். பானையைத் தட்டின மாதிரி கனமான குரல்.

“இனி நான் அங்க வர்றதா இல்லீங்க. இங்கயே எனக்குன்னு ஒரு பொழப்பு அமைஞ்சிருச்சு. யாரும் தேடிட்டு வர வேண்டாம். நேர்ல சொல்ல வாய் வரல. நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க.”

பூங்கோதை பெட்டியை நிறுத்தினாள். முதலாளிதான் முதலில் பேசினார்.

“வீட்டை விட்டுட்டுப் போறவன் மனுசனா? அப்படி என்ன கொறை வெச்சோம் அவனுக்கு? வேற டிரில்லருக்கு நாளைக்கு சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போடு. இவன் வந்து நின்னாலும் வண்டியில கால வெக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பு.”

“ஒரு வார்த்தை அவனக் கேட்டுட்டு...”

“அவன் வாயாலதான் கேட்டாச்சே.”

அடுத்த சந்தை வரைக்கும் அர்த்தநாரியைப் பிடிக்கவும் வழியில்லை. சேதி அவன் வீட்டுக்குப் போயிற்று. பக்குவமாக ஒன்றும் போகவில்லை. அவன் மனைவி பருவதத்தின் அண்ணன் சென்னியப்பனுக்கு முதலாளியே போன் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னியப்பன் டெம்போவோடு வந்து கட்டிலையும் கிரைண்டரையும் ஏற்றிவிட்டான்.

“பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்குது. ஏறு அம்மிணி” என்றான்.

“ஒரு தடவை என் காதால கேட்டுட்டு வந்தர்றண்ணா. அப்பறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்” என்றாள் பருவதம்.

மத்தியானம் டெம்போ ஆபீஸ் வாசலில் நின்றது. பருவதம் கதவோரமாக நின்று கேட்டாள். ஒரு தடவைதான். பதினாறு வருஷம் கேட்ட குரல். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மற்றப் பெண்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனசோடு பார்க்காமலிருந்தவர்களும் உண்டு, பார்த்தால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பார்க்காமலிருந்தவர்களும் உண்டு.

அடுத்தது ஒடிசாவுக்குப் போன காளியண்ணனின் மனைவி சம்பூரணத்தின் முறை. பெட்டி பேசியது. மெத்தென்ற பொம்பளைக் குரல்.

“நானூறு அடிங்க, ரெண்டு இஞ்சு தண்ணி. சம்பூரணத்துகிட்டச் சொல்லுங்க, கறுப்பு எருமை சினை நிக்குதான்னு பாக்கச் சொல்லுங்க. அவளும் ஒடம்பப் பாத்துக்கட்டும்.”

“யாரு இவ?” என்று எழுந்தாள் சம்பூரணம். “என்ற எருமையப் பத்தி இவளுக்கென்ன கவலை?”

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏனுங்க, இது நம்ம ருக்குமணியம்மா கொரலாச்சே. ஆபீசுக்கு எப்பவாச்சும் பேசறவங்கதான்.”

“முதலாளியம்மா எதுக்கு ஒடிசாவுல கிணறு தோண்டறாங்க?” என்று ஒருத்தி கேட்க, பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பருவதம் சிரிக்கவில்லை. கதவோரத்திலிருந்து ஒரு அடி உள்ளே வந்தாள்.

“அக்கா, காளியண்ணன் பேசுனது வேற கொரல்ல வருதுன்னா, எங்க வீட்டுக்காரர் கொரல்ல வந்தது யார் பேசுனது?”

சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. அர்த்தநாரி சொல்லவில்லை என்றால், அந்தப் பேச்சு அங்கே உட்கார்ந்திருக்கிற எவளோ ஒருத்தியின் புருஷனுடையது.

பூங்கோதை ஈரோட்டுக்குப் போன் போட்டாள். பெட்டியை மாட்டிக்கொடுத்த ஜெரினா, ஸ்கூட்டரின் முன்னால் கருவிப் பையை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். முப்பது வயசிருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

“கொரல் எதுக்கும் சேதாரம் இல்லீங்க. பேச்சுக்கும் சேதாரம் இல்ல. ரெண்டையும் சேர்க்கற எடந்தான் கருகிப் போச்சு.”

“புரியற மாதிரி சொல்லு கண்ணு” என்றாள் சம்பூரணம்.

“அச்சுவெல்லம் ஊத்தறத பாத்திருக்கீங்கல்ல. பெட்டிக்குள்ள எடம் கம்மி. அதனால ஒருத்தர் கொரல ஒரே தடவை வாங்கி அச்சு மாதிரி வெச்சுக்கும். அப்பறம் அவங்க பேசறத வெறும் எழுத்தா வெச்சுக்கும். நீங்க வந்து கேக்கறப்ப, அந்தப் பேச்ச அந்த அச்சுல ஊத்திக் குடுக்கும். எந்தப் பாகு எந்த அச்சுக்குன்னு இப்ப அதுக்கு மறந்து போச்சு. கைக்குக் கெடச்சதுல ஊத்துது.”

“அப்ப இத்தன வருசமா நாங்க கேட்டது அவங்க பேசுனதே இல்லியா?”

“பேச்சு அவங்களுது. கொரலும் அவங்களுது. சேர்த்து வெச்சது பெட்டி.”

ஒரு மூலையிலிருந்து வயதான ஓட்டுநர் ஒருவரின் மனைவி மெதுவாகக் கேட்டாள். “பேசறப்ப அழுதா?”

ஜெரினா தலையைக் குனிந்துகொண்டாள். “அழுகை எழுத்துல வராதுங்க. இருமலும் வராது.”

“எங்க மாமனார் செத்ததச் சொல்லி விட்டப்பக்கூட அந்த மனுசன் கல்லு மாதிரி பேசுனாருன்னு, வருசம் பூரா அவரோட மொகம் குடுத்துப் பேசல நானு.”

பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்காலின் மேல் கையை வைத்தாள். வாங்கும்போது யாரும் அவர்களிடம் இதைச் சொல்லவில்லை, பாருங்கள். இடத்தை மிச்சம் பிடித்துத் தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். எதை மிச்சம் பிடித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

“யார் பேச்சு யாருதுன்னு உன்னால கண்டுபிடிக்க முடியுமா?” என்றாள் பருவதம். “சாயங்கால ரயிலுக்கு ஆள் போகுது. எங்க வீட்டுக்காரரக் காட்டுல எறக்கி விட்ருவாங்க. வெளிய டெம்போவுல என்ற கட்டில் நிக்குது.”

“மெசினால முடியாதுங்க அக்கா.” ஜெரினா ஸ்க்ரூ டிரைவரை விரலிடையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். “ஆனா கொரல எடுத்துட்டு வெறும் பேச்ச மட்டும் ஓட்டலாம். பஸ் ஸ்டாண்டுல ஊர் பேர் சொல்லுமே, அந்தக் கொரல்ல. உங்க ஆளு பேச்சு எதுன்னு நீங்க சொல்லுங்க.”

“கொரல் இல்லாம எப்படிச் சொல்றது?”

“கறுப்பு எருமை யாருது?”

“என்னுது” என்றாள் சம்பூரணம், யோசிக்காமல்.

“அவ்வளவுதானுங்க.”

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். “ஞாயித்துக்கெழமை பொழுது போகலன்னா கோயிலுக்குப் போங்க. இது ஆபீசு” என்றார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

பெட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை.

“ஐநூறு அடி, தண்ணி இல்ல. ரேஷன்ல பச்சரிசி போட்டா வாங்க வேண்டாம்னு சொல்லுங்க.”

“எங்க மாமா! பச்சரிசின்னா பாம்பு மாதிரி.”

“இருநூத்திப் பத்து அடி. ஒண்ணரை இஞ்சு. பெரியவன் பரிச்சைல பெயிலானா அடிக்க வேண்டாம், நான் வந்து அடிச்சுக்கறேன்.”

“எங்கூட்டு ஆளு” என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். “அடிக்கறதக்கூட எனக்கு விட்டுத் தர மாட்டாரு.”

ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தன் எப்போதும் மாமியாரை முதலில் விசாரிப்பான், ஒருத்தன் நாயை. கனைத்துக் கனைத்துப் பேசுகிறவர்கள், கத்திப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே மரக்குரலில் வந்தார்கள். இருந்தும் தப்பாகக் கைதூக்கியவள் ஒருத்தியும் இல்லை. ஜெரினா ஒவ்வொரு பேச்சையும் அதற்குரிய குரலோடு கட்டிக்கொண்டே வந்தாள்.

“அறுநூத்தம்பது அடிங்க. மூணு இஞ்சு. ஊர்ச்சனம் வண்டிக்கு மாலை போட்டாங்க. சாஞ்ச முருங்கை மரத்த வெட்டிப்போட்டாளான்னு கேளுங்க. வெட்டலன்னா இருக்கட்டும். நான் வந்து முட்டுக் குடுக்கறேன்.”

பருவதம் கையைத் தூக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

“என்னுதுங்க” என்றாள். “அந்த மரத்துக்காகத்தான் போறதுக்கு முன்னால சண்டை. நாலு நாளு பேசல. பஸ் ஏறுறப்பகூட மொகத்தத் திருப்பிட்டுப் போனாரு.” அழுதுகொண்டே சிரித்தாள். “நான் ஒரு கிளையக்கூடத் தொடலீங்க.”

சென்னியப்பன் வாசலிலிருந்து டெம்போ டிரைவரிடம், “எஞ்சின ஆஃப் பண்ணுப்பா” என்றான்.

முதலாளி விடவில்லை. வெளியே வந்து நின்றார். “ரெண்டையும் அவனே பேசியிருக்கலாம்ல? ஒரு சந்தைக்கு மரத்தப் பத்தி, அடுத்த சந்தைக்கு ஓடறதப் பத்தி. கொரலு அவனுதுதானே? நான் டிக்கெட்ட மாத்த மாட்டேன்.”

பெட்டி மேலே ஓடியது. கடைசியில் இரண்டு பேச்சு மிச்சம். பெண்களில் தேன்மொழி ஒருத்தி மிச்சம். கல்யாணமாகி நாலே மாதம், அதில் மூன்று மாதம் புருஷன் ராஜஸ்தானில்.

ஒரு பேச்சு, “நூத்தி நாப்பது அடிங்க. பாறை. சரிங்க” என்பது. மற்றது அந்தப் பேச்சு.

“ரெண்டுல எது அம்மிணி?” என்றாள் பூங்கோதை.

தேன்மொழி விழித்தாள். “தெரியலீங்க அக்கா. அவரு என்கிட்ட அதிகமாப் பேசுனதே இல்ல. எப்படிப் பேசுவாருன்னு எனக்குத் தெரியாதுங்க.” தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “பொழப்பு அமைஞ்சிருச்சுன்னு சொன்னது அவருதானோ என்னமோ.”

தன் ஆளைக் கண்டெடுத்த சந்தோஷத்தை எல்லோரும் மடியில் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பருவதத்துக்கு மட்டும் அது எப்படி இருக்குமென்று தெரியும், நேற்றிலிருந்து அந்த இடத்தில் அவள்தானே நின்றிருந்தாள். எழுந்துபோய்த் தேன்மொழியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஜெரினா, அத இன்னொரு தடவை போடு.”

பெட்டி சொன்னது. இனி நான் அங்க வர்றதா இல்லீங்க. இங்கயே எனக்குன்னு...

“நிறுத்து” என்றாள் பருவதம். “அக்கா, இதுல அடி எங்க?”

பூங்கோதை வாயைத் திறந்தபடி நின்றாள்.

“இன்னிக்கு இத்தன பேச்சு கேட்டமே. காச்சல்ல கெடக்கறவன் அடி சொல்லிட்டுத்தான் காச்சலச் சொல்றான். இந்தத் தேன்மொழி வீட்டுக்காரரப் பாருங்க, பொண்டாட்டியப் பத்தி ஒரு வார்த்தை வரல, அடி வந்திருச்சு. நம்ம ஆளுக ஊரு விட்டு ஓடறதுன்னாலும் அடி சொல்லிட்டுத்தான் ஓடுவாங்க. இது ரிக்கு வண்டியில இருந்து வந்த பேச்சே இல்ல.”

“ஐயோ சாமி” என்று நாற்காலியில் விழுந்தாள் பூங்கோதை. “நான் வெச்ச சட்டம். கொரலக் கேட்டதும் எனக்கே மறந்து போச்சே.”

தேன்மொழி பருவதத்தின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “அப்ப நூத்தி நாப்பது அடி என்னுதுங்களா” என்றாள்.

“உன்னுதுதான். பாறையாமா. ஊருக்கு வரட்டும், அவனுக்குப் பேசக் கத்துக் குடுப்போம்” என்றாள் சம்பூரணம். அந்தச் சிரிப்பில் புது ட்யூப்லைட்டும் அதிர்ந்தது.

சிரிக்காதவள் ஜெரினாதான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பேச்சையும் கட்டியாயிற்று. மிச்சம் ஒரு பேச்சு. குரலிலும் மிச்சம் ஒன்றே ஒன்று. அவள் பூங்கோதையைப் பார்த்தாள். பூங்கோதை சம்பூரணத்தைப் பார்த்தாள். முதலில் எருமையை விசாரித்த அந்த மெத்தென்ற குரல் எல்லோருக்கும் நினைவு வந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கண்ணாடி அறைப்பக்கம் திரும்பி, உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்கள்.

“என்ன?” என்றார் முதலாளி. “கடைசி ஒண்ணு யாருது? ஓட்டு, கேப்போம்.”

ஜெரினாவின் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றது. பருவதம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று இந்த மனுஷர்தான் அவள் மானத்தை ஊர் கேட்கப் போனில் போட்டவர். இப்போது ஒரு பொத்தான் போதும். ஒரு நிமிஷம் அவளும் யோசித்திருப்பாள். நானாக இருந்தால் யோசித்திருப்பேன்.

“இதை முதலாளி மட்டும் கேக்கட்டும்” என்றாள் அவள். “எனக்கு நடந்தது வேற யாருக்கும் வேண்டாம். வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்.”

அத்தனை பெண்களும் எழுந்து ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனார்கள். இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்த டீக்கடைக்காரர் ஏதோ ஊர்வலம் என்றே நினைத்துவிட்டார். ஆபீஸ் கண்ணாடிக்குள் முதலாளி பெட்டியின் முன்னால் குனிந்து நிற்பது தெரிந்தது. ஒரு தடவை கேட்டார். மறுபடியும் கேட்டார்.

வெளியே வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

“பூங்கோதை, அந்த ரயில் டிக்கெட்ட ரத்து பண்ணிரு. அர்த்தநாரி வண்டி அர்த்தநாரிகிட்டயே இருக்கட்டும்.” பருவதத்தின் பக்கம் திரும்பினார். “நான் பேசுனது தப்பு அம்மிணி. உங்கண்ணங்கிட்டயும் நானே சொல்றேன்.” கார் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றார். “பெருந்துறை வரைக்கும் போய்ட்டு வர்றேன்.”

“தேடிட்டு வர வேண்டாம்னாங்களே” என்றாள் பருவதம் மெதுவாக. “கூப்பிடறதுக்குப் போகாதீங்க. என்ன பொழப்புன்னு கேக்கறதுக்குப் போங்க.”

அவர் தலையை ஆட்டினார். காரில் ஏறப்போனவர் திரும்பிப் பார்த்து ஜெரினாவிடம், “பெரிய பெட்டியா ஒண்ணு கொண்டாந்து வெய்யி. அழுதா அழுகையும் கேக்கோணும்” என்றார்.

சென்னியப்பன் கட்டிலையும் கிரைண்டரையும் திருப்பிக் கொண்டுபோய் இறக்கினான். முருங்கை மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, “மச்சான் வர்ற வரைக்கும் இருக்கட்டும்” என்று ஒரு மூங்கில் கழியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

ருக்குமணியம்மா அக்காவோடு சேர்ந்து காலேஜ் பக்கத்தில் மெஸ் வைத்திருந்தார். திரும்பி வரவில்லை; வர வேண்டும் என்று இப்போது யாரும் கேட்பதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் நாச்சிமுத்து அங்கே போய், பிள்ளைகளோடு வரிசையில் நின்று டோக்கன் வாங்கிச் சாப்பிடுகிறாராம். ரசத்துக்கு இரண்டாம் தடவை கை நீட்டினால் அந்தம்மா சிரிக்கிறாராம்.

அடுத்த சந்தையன்று அர்த்தநாரி பேசியபோது பூங்கோதையே போனை எடுத்து நடந்ததையெல்லாம் சொன்னாள். அதற்கு அவன் பேசியதைப் புதுப் பெட்டி அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பருவதம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். முதலில் சந்தை இரைச்சல். எவனோ தக்காளி விலை கூவுகிறான். காற்று அடிக்கிறது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. ஒரு ஆண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஒரு கனைப்பு, உடனே இன்னொரு கனைப்பு. கடைசியில் உடைந்துபோன அந்தப் பானைக் குரல் வந்தது.

“எ... எண்பது அடிங்க.”

அவ்வளவுதான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. அறை முழுக்கச் சிரித்தது. பருவதம் மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை போடுங்க அக்கா” என்றாள்.

கண்ணுகளா, கதை இவ்வளவுதான். உங்கள் வீட்டிலிருந்து தூரம் போனவர்கள் சுகமாகப் பேசட்டும். அவர்கள் சிரிப்பும் அழுகையும் இருமலும் ஒன்றும் குறையாமல் உங்கள் காதுக்கு வந்து சேரட்டும். உங்கள் கொல்லை மரம் சாய்ந்தாலும் விழாமல் நிற்கட்டும். முட்டுக் கொடுக்க ஆள் வந்து சேரட்டும். தோண்டின இடத்திலெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் வரட்டும்.